நாலை எட்டாகக் காட்டிய எழுத்துரு

வேலையை விட்டு வந்த பிறகும் எனக்கு ஒரு பழக்கம் போகவில்லை. பல் டாக்டரிடம் போனால்கூட, முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், "உங்க கம்ப்யூட்டர்ல இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் திறந்து காட்டுறீங்களா?" என்று கேட்டுவிடுவேன். என் தம்பி மனைவி என்னைக் கண்டாலே மொபைலை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறாள். இணையப் பக்கம் செய்யும் உங்களில் சிலரும் கேட்டிருக்கிறீர்கள்: "மீனா மேடம், பக்கம் நல்லாத்தானே இருக்கு, இன்னும் ஏன் நிலைகொள்ளாம இருக்கீங்க?" ஏன் என்று சொல்கிறேன். ஒரு காலைப் பொழுதைச் சொன்னால் போதும்.

இப்போது நீங்கள் செய்யும் பக்கத்தோடு எழுத்துருவும், அதாவது ஃபான்ட்டும், கூடவே போகிறது. எங்கள் காலத்தில் அதன் பெயர் மட்டும்தான் போகும். படிப்பவர் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இருந்தால் பக்கம் நாங்கள் செய்தபடி தெரியும். இல்லாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கிற எதையோ எடுத்துப் போட்டுக்கொள்ளும். அதனால் ஆங்கிலத்துக்கு ஏரியல், வெர்டானா என்று எங்கும் இருக்கக்கூடியவற்றோடு நிறுத்திக்கொண்டோம். அழகு குறைவு, ஆனால் ராத்திரி தூக்கம் வரும்.

வங்காள மொழிக்கு அந்த வசதி கிடையாது. எழுத்துரு செய்கிற ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் தன் இஷ்டத்துக்கு ஒரு வங்காள எழுத்தை உட்காரவைத்திருந்தார்கள். எழுத்துரு ஏற்றிய கம்ப்யூட்டரில் அருமையான வங்காளம் தெரியும். ஏற்றாத கம்ப்யூட்டரில் கோழி கிளறியது மாதிரி ஆங்கில எழுத்துகளின் குப்பை. தமிழிலும் அப்போது இதே கூத்துதான்.

அப்பா கல்கத்தா துறைமுகத்தில் வேலை பார்த்ததால் நான் அங்கே பெஹாலாவில் வளர்ந்தவள். வங்காளம் பேச, படிக்க, எழுத எல்லாம் வரும். கரியாஹாட்டில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்த, இணையதளம் செய்யும் சின்ன நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதலாளியை நாங்கள் தாதா என்று கூப்பிடுவோம். சென்னைப் பிள்ளைகள் பயந்துவிட வேண்டாம், வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். பக்கத்து மேசையில் ஷியாமல். ஓவியக் கல்லூரியில் படித்தவன். அந்த நிறுவனத்துக்காக ஒரு வங்காள எழுத்துருவை அவனே வரைந்திருந்தான். டிராமில் போகும்போதுகூட முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு வளைவுகளைத் திருத்திக்கொண்டிருப்பான். அவன் எழுத்துருவை முதல்முறையாக முழுத் தளத்துக்குப் பயன்படுத்த ஒரு வேலை வந்தது.

குழந்தைகளுக்கான ஒரு தர்ம மருத்துவமனை அது. அதை நடத்திய பெண் டாக்டரை ஊரே டாக்டர் தீதி, அதாவது டாக்டர் அக்கா, என்று கூப்பிடும். ஆற்றுக்கு அக்கரையில் ஹவுராவிலும் சுற்று வட்டாரங்களிலும் அவருக்குச் சின்னச் சின்ன மையங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நர்ஸ், ஒரு கம்ப்யூட்டர், ஒரு தொலைபேசி. எந்த வயதுக் குழந்தைக்கு எந்த மருந்து எவ்வளவு என்ற அட்டவணையைத் தளத்தில் போட்டுவிட்டால் எல்லா மையத்திலும் ஒரே அளவு கொடுப்பார்கள் என்பது அவர் எண்ணம். மருந்துப் பெயரும் வயதும் ஆங்கிலத்தில், ஏரியலில் இருந்தன. அளவும் அறிவுரையும் வங்காளத்தில், ஷியாமலின் எழுத்துருவில். "தாய்மார் பார்த்தால் தங்கள் மொழி என்று தெரியவேண்டும்" என்று டாக்டர் தீதி பிடிவாதமாக இருந்தார். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

தளம் சில நாளாகவே மையங்களில் ஓடிக்கொண்டிருந்தது; அதன் முறையான திறப்பு விழா நாள் வந்தது. பிற்பகலில் எஸ்பிளனேடு பக்கம் ஒரு அரங்கில் விழா; டெல்லியிலிருந்து பெரிய குழந்தை மருத்துவர் ஒருவர் வருகிறார். மேடையிலிருந்து ஹவுரா மையத்துக்குத் தொலைபேசியில் பேசி, அங்கே இருக்கும் நர்ஸ் முன்பே திறந்துவைத்த பக்கத்தைப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. அந்த மையத்துக் கம்ப்யூட்டரில் எழுத்துரு இன்னும் ஏறவில்லை. தாதா காலையிலேயே என் கையில் ஒரு ஃபிளாப்பியைக் கொடுத்து அனுப்பினார். மற்ற மையங்களுக்கும் ஃபிளாப்பிகள் கூரியரில் போய்க்கொண்டிருந்தன.

அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் நெரிசலில் ஃபிளாப்பி வளைந்துவிடுமோ, படகு தாமதமாகுமோ, மையத்தில் கரண்ட் போய்விடுமோ என்றெல்லாம் கவலைப்பட்டேன். கவலைப்படவேண்டியது எதுவோ அதை மட்டும் நினைக்கவில்லை.

ஹவுரா மையத்தில் நர்ஸாக இருந்தவள் ஜெசி. நாகர்கோவில் பக்கத்துப் பெண், கல்கத்தா வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. வங்காளம் தட்டுத்தடுமாறிப் பேசுவாள், படிக்கத் தெரியாது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்கக்கா, தமிழ்ல பேச ஒரு ஆள் வந்தாச்சு!" என்றாள். வெளியே பெஞ்சில் தாய்மார் குழந்தைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மழைக்காலம், பாதிக் குழந்தைகளுக்கு மூச்சிழுப்பு.

அதுவரை அவள் கம்ப்யூட்டரில் பக்கம் எப்படித் தெரிந்தது என்று பார்த்தேன். மருந்துப் பெயர் சரியாக இருந்தது. வங்காளம் இருக்கவேண்டிய இடத்தில் குப்பை. "இது ஒண்ணும் விளங்காதுக்கா. நான் மருந்து பேரையும் நம்பரையும் மட்டும் பாத்துக்கிடுவேன்" என்றாள். எழுத்துருவை ஏற்றிக் கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கி, பக்கத்தைத் திறந்தேன். ஷியாமலின் எழுத்துகள் திரை முழுக்க வரிசையாக எழுந்து நின்றன. ஜெசியே, "எவ்வளவு அழகாட்டு இருக்கு!" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு ஓரமாக உட்கார்ந்து, கொடுத்த தேநீரைக் குடித்தேன். அவள் வேலையைத் தொடர்ந்தாள். ஒரு தாய் மருந்து வாங்கிக்கொண்டு போனாள். அடுத்தவள் உள்ளே வந்தாள், இடுப்பில் நடைபழகும் வயதுப் பெண்குழந்தை. ஜெசி குழந்தையின் நெஞ்சைக் கேட்டாள், திரையைப் பார்த்தாள், சிரப்பை அளவு மூடியில் ஊற்றினாள், "ஆட் மில்லி" என்று சொல்லித் தாயிடம் கொடுத்தாள்.

வங்காளத்தில் ஆட் என்றால் எட்டு.

அந்த அட்டவணையைத் தட்டச்சு செய்தவள் நான். எட்டு என்று எங்கும் அடித்ததாக நினைவில்லை. எழுந்து வந்தேன். "எட்டா ஜெசி?"

"ஆமாக்கா, எட்டுன்னுல்லா போட்டிருக்கு. இங்க பாருங்க."

பார்த்தேன். ৪ என்று இருந்தது. எனக்கு அது சின்ன வயதிலிருந்தே நாலு. வங்காள நாலு அப்படித்தான் இருக்கும், இரண்டு வளையம், ஒன்றின் மேல் ஒன்று. வங்காளம் படிக்காத கண்ணுக்கு அது எட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. கல்கத்தாவுக்குப் புதிதாக வருகிற பலரும் நாலாம் நம்பர் பஸ்ஸை எட்டு என்று நினைத்து ஏறியிருப்பார்கள். அதற்கு மேல் வரிசையில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இரண்டு என்று இருந்தது. வங்காள இரண்டு ஆங்கில இரண்டு மாதிரியே இருக்கும். ஆக ஜெசிக்கு அந்தப் பக்கத்தில் எதுவும் தப்பாகப் படவில்லை.

மூடி குழந்தையின் உதட்டுக்குப் போய்விட்டது. "கொடுக்காதே!" என்று கத்தினேன். தமிழில் கத்தினேன். தாய்க்குப் புரியவில்லை, அவள் மூடியைச் சாய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். கையை நீட்டித் தட்டிவிட்டேன். சிரப் அவள் புடவையில் கொட்டியது. குழந்தை வீறிட்டு அழுதது. அந்த மருந்து அளவுக்கு மேல் போனால் பிஞ்சு நெஞ்சு என்ன பாடுபடும் என்று அட்டவணையின் அடியில் சிவப்பில் எச்சரிக்கை இருந்தது. அதையும் வங்காளத்தில்தான் போட்டிருந்தோம்.

ஜெசி வெளிறிப் போனாள். நான் சொன்னது புரிய அவளுக்கு நேரம் ஆகவில்லை. "அக்கா, இதுக்கு முந்தி ஒருத்தி போனாளே... அவ பயலுக்கும் இதே மருந்து. குப்பியைக் கையில குடுத்து, வீட்டுல போயி எட்டு மில்லி குடுன்னு சொல்லி விட்டேன்."

"எங்கே போயிருப்பா?"

"பஸ்ஸுக்கு நிப்பா. எனக்கு முகம் தெரியும், நான் ஓடுதேன்." காலில் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

நான் அவளோடு ஓடியிருக்கவேண்டுமா என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். எனக்கு அந்தத் தாயின் முகம் நினைவில்லை. மற்ற மையங்களில் கூரியர் எந்த நேரமும் ஃபிளாப்பியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அங்கேயும் கேரளத்திலிருந்தும் மற்ற வெளி மாநிலங்களிலிருந்தும் வந்த நர்ஸ்கள் இருந்தார்கள். ஓடுவதை அவளிடம் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

அங்கே இருந்தது ஒரே தொலைபேசி இணைப்பு. இணையமும் அதில்தான் வரும். தாதாவிடம் அனுமதி கேட்கப் போனை எடுத்தால் இணைய இணைப்பு அறுந்துவிடும். மறுபடி கிடைக்குமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். இணைப்பை வைத்துக்கொண்டால் அனுமதி கேட்க முடியாது. விழாவுக்காகவே செய்த பக்கம், விழா நாள். உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். அப்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்தத் தப்பைப் பிறகு சரிசெய்யலாம், எதைச் சரிசெய்யவே முடியாது? தாதா என்னை வேலையை விட்டு அனுப்பினால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். அட்டவணையைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், "மருந்து அளவுகள் சரிபார்க்கப்படுகின்றன, மருத்துவமனைக்குப் போன் செய்து கேளுங்கள்" என்று ஆங்கிலத்தில், ஏரியலில் ஒரே ஒரு வரி. பிறகுதான் போனை எடுத்தேன்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் தாதா. "டெல்லிக்காரர் ஹோட்டல்லேருந்து கிளம்பியாச்சு. பக்கத்தைத் திரும்பப் போடு, மத்ததை நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"போட மாட்டேன் தாதா. நேர்ல வர்றேன்" என்று வைத்துவிட்டேன். ஜெசி இன்னும் திரும்பவில்லை. காத்திருந்த தாய்மாரிடம் வங்காளத்தில் விஷயத்தைச் சொல்லி, அவள் வரும்வரை யாரும் மருந்து கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு, மையத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவைப் போனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினேன்.

படகில் எனக்கு உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஹவுராக் கரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த பஸ்ஸில் ஏறியிருப்பாள்? குப்பியைத் திறந்திருப்பாளா?

அரங்கத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் டாக்டர் தீதி, தாதா, ஷியாமல் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடிப்பதற்குள் தாதா குறுக்கிட்டார். "நர்ஸ் தப்பாப் படிச்சிருக்கா. பக்கத்துல ஒரு தப்பும் இல்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாப் போச்சு."

டாக்டர் தீதியின் குரல் கத்தி மாதிரி இருந்தது. "நாலுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவள் என் மையத்தில் குழந்தைகளைத் தொடக் கூடாது. இன்றைக்கே அவளை அனுப்பிவிடுகிறேன். வங்காளத்தில் வேலை பார்க்க வந்தவர்கள் வங்காள எண்களாவது கற்றுக்கொள்ளவேண்டாமா?"

"தீதி, நேத்து வரைக்கும் அவ நாலுன்னுதான் படிச்சா" என்றேன். "நேத்து அந்தக் கம்ப்யூட்டர்ல எழுத்துரு இல்லை. எழுத்தெல்லாம் குப்பையாத் தெரிஞ்சாலும் எண் மட்டும் ஆங்கில நாலாவே தெரிஞ்சுது. சரியாப் படிச்சா, சரியாக் கொடுத்தா. இன்னிக்கு நான் எழுத்துருவை ஏத்தினேன். அதே இடத்துல, அதே பக்கத்துல, நாலு எட்டாயிடுச்சு. டாக்டர் அளவை மாத்திட்டாங்கன்னுதானே அவ நினைப்பா?"

ஷியாமல் இப்போது முகம் சிவந்து, "என் நாலில் என்ன குற்றம்?" என்றான். "ஆயிரம் வருஷமாக வங்காளி நாலு இப்படித்தான். நீ தமிழச்சி, உனக்கு எங்கள் எழுத்து அந்நியமாகத் தெரிகிறது." என்னோடு தினமும் ஒரே டப்பாவில் மதியச் சாப்பாடு சாப்பிட்டவன் அவன். அது சுருக்கென்று குத்தியது. பதில் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும், அன்றைக்கு அதற்கு நேரமில்லை.

அந்த நேரத்தில் டெல்லி டாக்டர் உள்ளே வந்தார், எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். டாக்டர் தீதி ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த அழைப்பிதழைத் திருப்பி, பேனாவால் ৪ என்று எழுதி, அவரிடம் நீட்டினார். "இது என்ன, சொல்லுங்கள்?"

அவர் சிரித்தார். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பார். "எட்டு" என்றார்.

தாதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷியாமல் அந்த அழைப்பிதழை வாங்கி, தன் எழுத்தைப் புதிதாகப் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான்.

டாக்டர் தீதி ஹவுரா மையத்துக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள், பிறகு வெகுநேரம் வெறும் இரைச்சல். கடைசியில் ஜெசியின் குரல். டாக்டர் தீதி ஏதோ கேட்டுவிட்டு, போனை என்னிடம் நீட்டினார். "அழுகிறாள். உங்கள் மொழியில் பேசு."

"கிடைச்சாளாக்கும் அக்கா" என்றாள் ஜெசி. "பஸ்ல ஏறி உக்காந்துட்டா. நான் பஸ்ஸை மறிச்சு நிறுத்தினேன், கண்டக்டர் ஏசினான். குப்பி திறக்கல்ல. பயல் உறங்கிட்டிருந்தான், எழும்பட்டும்னு வச்சிருந்தா. ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வந்துட்டேன். எனக்கு வேலை போயிருமாக்கா?"

நான் வங்காளத்தில் சொன்னதைக் கேட்டுவிட்டு டாக்டர் தீதி போனைத் திரும்ப வாங்கினார். முதலில் குழந்தையின் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டார். எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாகச் சொல்லி, திரும்பச் சொல்லவைத்தார். பிறகு, "நீ எட்டு என்று படித்தாயாம். டெல்லியிலிருந்து வந்த பெரிய டாக்டரும் இப்போதுதான் எட்டு என்று படித்தார். நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வா" என்று சொல்லி வைத்தார்.

விழா நடந்தது. அட்டவணை இல்லாமலே நடந்தது. டாக்டர் தீதி மேடையில் காரணத்தை மறைக்கவில்லை. தாதாவுக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. அடுத்த சில நாள் என்னிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. ஷியாமல் அலுவலகத்துக்கே வரவில்லை. எனக்கு அது வலித்தது. அவன் வரைந்த நாலில் ஒரு குற்றமும் இல்லை, அதுதான் உண்மை. அது அழகான, சரியான நாலு. எழுத்து சரியாக இருக்கலாம், பக்கம் சரியாக இருக்கலாம், படிப்பவரும் கவனமாகவே இருக்கலாம். அப்படியும் குழந்தையின் வாய்க்கு இரண்டு மடங்கு மருந்து போகும். ஒருவர் உங்கள் பக்கத்தைத் தப்பாகப் படித்தால், அவருக்குப் படிக்கத் தெரியவில்லை என்ற பேச்சை எடுக்காதீர்கள். அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்து, அவர் திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். நம் திரையில் சரியாக இருப்பது நமக்கு மட்டும்தான் ஆறுதல்.

ஷியாமல் ஒரு திங்கட்கிழமை வந்தான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, "அளவு எல்லாவற்றையும் இரண்டு தடவை போடுவோம். எண்ணை ஏரியலில், ஆங்கிலத்தில். பக்கத்திலேயே வங்காளத்தில் எண்ணாக இல்லாமல் சொல்லாக. எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றாவது சரியாக நிற்கும்" என்றான். அன்றைக்கு முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்து அட்டவணையை மாற்றினோம். எழுத்துரு உள்ள கம்ப்யூட்டரில் பார்த்தோம், இல்லாததில் பார்த்தோம், கீழே புடவைக் கடைக்காரர் மகனின் பழைய கம்ப்யூட்டரிலும் பார்த்தோம். சிவப்பு எச்சரிக்கையையும் இரண்டு மொழியில் போட்டோம். எனக்கு இன்னும் திருப்தி வரவில்லை. தளத்தில் ஒரு மறைவான இடத்தில் அதை வைத்துவிட்டு ஹவுராவுக்குப் போன் செய்தேன்.

"ஜெசி, நான் சொல்ற முகவரியை எழுதிக்கோ. போனை வச்சுட்டு அதைத் திறந்து பாரு. பாத்துட்டு எனக்குத் திரும்பப் போன் பண்ணு. அந்த மூச்சிழுப்பு மருந்து, மூணு வயசு வரைக்கும் எவ்வளவு போட்டிருக்குன்னு சொல்லு."

அவள் திரும்பக் கூப்பிடும் வரை ஷியாமல் எழுந்து நடந்துகொண்டே இருந்தான். ஜன்னலுக்குப் போனான், வந்தான். மணி அடித்ததும் எனக்கு முன்னால் அவனே எடுத்துவிட்டான். மறுமுனையில் ஜெசி, நான்தான் எடுத்திருக்கிறேன் என்று நினைத்து, தமிழில் சொன்னாள். அவனுக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்து, "நாலு?" என்றான், அந்தச் சத்தத்தை அப்படியே திருப்பி. என்ன அர்த்தம் என்று கண்ணாலேயே கேட்டான்.

நான் கையை உயர்த்தி நாலு விரலைக் காட்டினேன்.